8,000 ரூபாயில் கிளவ்வா, பேட்டா?

சார், பையன் ஒன்பதாவது, ஏற்காட்டில் விடுதியில் இருக்கிறான், பேஸ்பால் டீமில் சேர்ந்திருக்கிறான், 8,000 ரூபாய்க்குள் கிளவ், பேட் இரண்டும் நல்ல பிராண்டில் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காசுக்கு இரண்டும் உருப்படியாக வராது. பேட்டை விடுங்கள், அதை டீமில் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்கள், கிளவ்தான் அவனவன் கைக்குப் பழக வேண்டியது.

வில்சன் ஏ2000, ராலிங்ஸ் ஹார்ட் ஆஃப் தி ஹைட் மாதிரி உயர்வரிசை கிளவ்கள் எல்லாம் அமெரிக்காவிலேயே 250 டாலருக்கு மேல், வளரும் பையனுக்குத் தண்டச் செலவு. அதே கம்பெனிகளின் கீழ்வரிசை மாடல் போதும், ஆனால் பெயரைப் பார்த்து மயங்காமல் உள்ளங்கைப் பகுதி நிஜத் தோலா என்று பாருங்கள், ராலிங்ஸ் முத்திரையோடே செயற்கைத் தோல் கிளவ்வும் வருகிறது. அளவு 11.5 முதல் 12 இஞ்ச். பந்தை வலக்கையால் எறிகிறவன் என்றால் கிளவ் இடக்கையில், ஆன்லைனில் 'ரைட் ஹேண்ட் த்ரோ' என்று போட்டிருப்பதை எடுங்கள், நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான்.

அப்புறம், மலையில் பனிமூட்டத்துக்குத் தோல் சீக்கிரம் பூசணம் பூக்கும். நனைந்த கிளவ்வை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டாமல், உள்ளே ஒரு பந்தை வைத்துக் கட்டி நிழலில் காயவிடச் சொல்லுங்கள்.

பேட்டும் வாங்கியே தீர வேண்டுமென்றால் அலாய் எனப்படும் உலோகக் கலவை பேட்டை வாங்குங்கள். கார்பன் இழையில் செய்கிற காம்போசிட் பேட் குளிரில் விரிசல் விடும். சேலத்தில் சில கடைகளில் தொங்குவது காரில் தற்காப்புக்கு வைத்துக்கொள்கிற சமாச்சாரம், பந்து பட்டால் நசுங்கிவிடும்.

பையன் கேட்சரா, அதாவது பேட் பிடிப்பவனுக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கிறவனா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், அதற்கு கிளவ்வே வேறு.