விடுதலைக்குப் பின் வரும் ஞாயிறு – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சிறைப்பணி குறித்து நீங்கள் எழுதியிருந்த கட்டுரையை வாசித்தேன். எங்கள் ஆலயப் பங்கிலிருந்து மாதம் ஒருமுறை சிறைக்குச் செல்லும் குழுவில் நானும் இருக்கிறேன். அங்கே நற்செய்தி வாசிக்கிறோம், அவர்கள் பேசுவதைக் கேட்கிறோம், மனநிறைவோடு திரும்புகிறோம். அங்கு நான் நன்கு பழகிய ஒருவர் அண்மையில் தண்டனை முடிந்து, எங்கள் ஆலயத்திற்கே ஞாயிறு திருப்பலிக்கு வந்தார். அவர் அமர்ந்த வரிசையிலிருந்து இரண்டு குடும்பங்கள் எழுந்து வேறிடம் சென்றன. நானும் புன்னகைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். இப்போது இது பங்குப்பேரவையில் விவாதமாகிவிட்டது. சிறைக்குச் சென்று சந்திப்பதுதான் நம் கடமை, வெளியே வந்தவரைப் பார்த்துக்கொள்வது அரசின் பொறுப்பு என்கிறார்கள் சிலர். அவரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நாம் என்ன செய்தோம் என்று கேட்கிறார்கள் வேறு சிலர். இரண்டுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பங்குப்பேரவையில் எழுந்த இரண்டு கேள்விகளில் முதலாவதற்குத் தயக்கமின்றிப் பதில் சொல்லலாம். இரண்டாவது கடினமானது, அதைத் தட்டிக்கழிக்கவும் கூடாது.

"சிறையில் இருந்தேன், என்னைத் தேடி வந்தீர்கள்" என்ற மத்தேயு நற்செய்தியின் வரியைக் காட்டி, சந்திப்போடு கடமை முடிந்தது என்று சொல்பவர்கள் அதற்குச் சற்று முன்னிருக்கும் சொற்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பசியாய் இருந்தவர், அன்னியராய் இருந்தவர், ஆடையின்றி இருந்தவர் எல்லாரும் அதே 25ஆம் அதிகாரத்தில், அதே மூச்சில் சொல்லப்படுகிறார்கள். தண்டனை முடிந்து கையில் ஒரு பையோடு வெளியே வருபவர் அந்தப் பகுதியை விட்டு எங்கும் போய்விடவில்லை. கடைசி வரியில் இருந்தவர் முதல் வரிகளுக்கு வந்திருக்கிறார், அவ்வளவுதான். அரசுக்குப் பொறுப்பு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அரசு அடையாள அட்டையும் உதவித்தொகையும் தரலாம். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பக்கத்தில் அமர அதனால் இயலாது.

சிறைக்குள் நாம் செய்யும் பணிக்கு ஓர் ஒழுங்கும் எல்லையும் இருக்கின்றன. குறித்த நேரத்தில் நுழைகிறோம், குறித்த நேரத்தில் வெளியேறுகிறோம். காத்திருப்பவர் அவர், தேடிச் செல்பவர் நாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2013 பெரிய வியாழனன்று இளையோர் சிறையில் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவியதும், 2024 டிசம்பர் 26 அன்று ரோம் நகரின் ரெபிபியா சிறையில் யூபிலி ஆண்டின் புனிதக் கதவைத் திறந்ததும் நம் மனத்தில் பதிந்திருக்கின்றன. அந்தச் சந்திப்புகளைப் பின்பற்ற நமக்கு ஆசை இருக்கிறது. வெளியே வந்தவரோ நம் அருகில் அமர்கிறார், வேலைக்கு ஒரு பரிந்துரை கேட்கிறார், வாடகை வீட்டுக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்கிறார், நம் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்கு நுழையும் அதே வாசலில் நிற்கிறார். எழுந்து சென்ற அந்த இரண்டு குடும்பங்களை நான் நியாயப்படுத்தவில்லை. இழிவாக எண்ணவும் இல்லை. அவர்களிடம் யாரும் முன்கூட்டிப் பேசியிருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது.

பின்னாளில் சலேசியத் துறவற சபையை நிறுவிய, 1841இல் குருப்பட்டம் பெற்ற இளம் ஜான் போஸ்கோவை இத்தாலியின் தூரின் நகரச் சிறைகளுக்கு அழைத்துச் சென்றவர் அவருடைய ஆன்ம வழிகாட்டியான புனித ஜோசப் கஃபாசோ. தூக்குத் தண்டனை பெற்ற ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களோடு தூக்குமேடைவரை உடன் நடந்த அந்த அருள்பணியாளரைச் சிறைப்பட்டோரின் பாதுகாவலராகவே திருச்சபை போற்றுகிறது. போஸ்கோவின் மனத்தை உலுக்கியது, பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுவரையிலான சிறுவர்கள் நல்ல தீர்மானங்களோடு விடுதலையாகிச் சில நாள்களுக்குள்ளேயே மறுபடியும் உள்ளே கொண்டுவரப்பட்ட காட்சி. இவர்களுக்கு வெளியே அக்கறையுள்ள ஒரு நண்பர் இருந்திருந்தால் இப்படித் திரும்பி வந்திருப்பார்களா என்று தம்மையே கேட்டுக்கொண்டதாக அவர் பின்னாளில் எழுதினார். இன்று பல நாடுகளில் பள்ளிகளாகவும் தொழிற்கூடங்களாகவும் விரிந்திருக்கும் சலேசியப் பணியின் வேர்களில் ஒன்று அந்தக் கேள்வி. 1850களின் தொடக்கத்தில், தம்மிடம் இருந்த பையன்களைத் தொழில் பழக அனுப்பும்போது அவர் முதலாளிகளோடு எழுத்து ஒப்பந்தமே செய்துகொண்டார். விழாநாள்களில் ஓய்வு தர வேண்டும், பையனை அடிக்காமல் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும் என்று அதில் எழுதினார். நண்பராக இருப்பதென்பது அவருக்கு அத்தனை விவரமான வேலையாக இருந்தது. உங்கள் குழு பாடலோடும் வாசகத்தோடும் நின்றுவிடாமல் இந்த விவரங்களுக்குள் இறங்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு, புதிய ஏற்பாட்டில் பிலமோனுக்கு எழுதப்பட்ட திருமுகத்தைப் பேரவையில் முழுவதுமாக வாசிக்கச் சொல்லுங்கள், இருபத்தைந்தே வசனங்கள். திருத்தூதர் பவுல் சிறையிலிருந்து எழுதுகிறார். பிலமோனிடம் அடிமையாக இருந்து பிரிந்துபோன ஒனேசிமைத் திருப்பி அனுப்பி, என்னை ஏற்றுக்கொள்வதுபோல் அவனை ஏற்றுக்கொள் என்கிறார். அந்த மடல் பிலமோனுக்கு மட்டுமன்றி அவர் வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்தே எழுதப்பட்டது என்பதை நாம் எளிதில் கவனிப்பதில்லை. வந்தவனை ஏற்பதா என்பது அன்றே சபை முழுவதற்கும் உரிய விஷயமாக இருந்தது. தவறே நடக்கவில்லை என்றோ, நடந்ததை மறந்துவிடு என்றோ பவுல் எழுதவில்லை. அவன் உனக்கு ஏதேனும் தீங்கு செய்திருந்தால், கடன்பட்டிருந்தால், அதை என் கணக்கில் எழுது, நான் தருகிறேன் என்று தம் கைப்பட எழுதித் தருகிறார். பரிந்து பேசுபவர் பாதிக்கப்பட்டவரின் இழப்பைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார்.

ஆகவே, பாதிக்கப்பட்டவர்களுக்கு நாம் என்ன செய்தோம் என்று கேட்டவர்கள் சரியாகவே கேட்டிருக்கிறார்கள். குற்றத்தால் உண்டான சீர்குலைவைச் சரிசெய்வதே தண்டனையின் முதல் நோக்கம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 2266ஆம் எண்ணில் சொல்கிறது. பாதிக்கப்பட்டவரின் குடும்பத்து வாசலை உங்கள் பங்கு இதுவரை மிதிக்கவில்லை என்றால், முதலில் அங்கே செல்லுங்கள். மன்னிப்பைப் பற்றிப் பேசுவதற்காகச் செல்லாதீர்கள். பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்பைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு இல்லை.

1995இல் மத்தியப் பிரதேசத்தில் பேருந்திலிருந்து இழுக்கப்பட்டுக் கத்தியால் குத்திக் கொல்லப்பட்ட கத்தோலிக்கத் துறவி சகோதரி ராணி மரியாவின் வரலாறு இங்கே அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். அவருடைய தங்கையான சகோதரி செல்மி பால் 2002இல் சிறைக்குச் சென்று கொலையாளியைத் தம் சகோதரனாக ஏற்றார். ராணி மரியாவின் குடும்பத்தின் இசைவோடு அந்தக் கொலையாளி 2006இல் விடுதலையானார். பிறகு கேரளத்திற்குச் சென்று ராணி மரியாவின் தாயைச் சந்தித்தார். என்னை ஆழமாகப் பாதித்த நிகழ்வு இது. ஆனால் கொலை நடந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், அந்தக் குடும்பமே தன் விருப்பத்தால் எடுத்து வைத்த அடி அது. வேறெந்தக் குடும்பத்திடமும் அதை ஒரு முன்மாதிரியாக நீட்டிக் காட்டுவதற்கு உரியதல்ல.

ஏற்றுக்கொள்வதென்றால் விழிப்பைக் கைவிடுவது என்று பொருளில்லை. உங்கள் ஆலயத்திற்கு வந்தவரின் குற்றம் பிள்ளைகளுக்கு எதிரானதாக இருந்தால், அவருக்குப் பிள்ளைகளோடு தொடர்புள்ள எந்தப் பணியும் ஒருபோதும் தரப்படாது என்பதைப் பங்குத்தந்தை அவரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். ஆலயத்திற்கு வரும்போது ஒருவர் உடனிருக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். மற்றபடி, தம்மைப் பற்றி யாருக்கு எவ்வளவு தெரியலாம் என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவரை மேடையேற்றிச் சாட்சியம் சொல்லவைக்கும் ஆர்வத்தையும் அடக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு நீங்கள் அவர் பக்கத்தில் அமருங்கள். திருப்பலி முடிந்ததும் எங்கே தங்கியிருக்கிறார், என்ன வேலை தெரியும், எந்த ஆவணம் இல்லை என்று கேளுங்கள். தனியொருவராக இதைச் சுமக்காதீர்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டால் நீங்கள் களைப்படையும்போதும் அவர் கைவிடப்பட மாட்டார். பிரேசிலில் 1972இல் மாரியோ ஒத்தொபோனி என்ற பொதுநிலையினர் தொடங்கிய அபாக் அமைப்பின் சிறைகளில் சாவிகளே கைதிகளிடம் இருக்கின்றன என்பதைத்தான் எல்லாரும் வியந்து பேசுகிறார்கள். அங்கே கைதியின் குடும்பத்தையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது அதைவிட நமக்குப் பயன்படும் செய்தி. உங்கள் குழு சந்திப்பவர்களில் வரும் மாதங்களில் விடுதலையாகப் போகிறவர்கள் யார் என்று சிறையின் ஆன்ம ஆலோசகரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால், அவர்களுடைய வீடுகளுக்கு இப்போதே செல்லத் தொடங்குங்கள்.

அன்புடன்.