கடைசிக் கையெழுத்து யாருடையது? – ஒரு கேள்வி பதில்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் ராமநாதபுரம் கரையோரத்து ஆட்கள் கேட்டவை இவை. எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: ஓட்டுப் போட்டு ஆளை அனுப்பிவிட்ட பிறகு, அந்த ஏற்பாட்டையே திருத்த நம்மால் ஆகுமா? நான் வக்கீலும் இல்லை, வாத்தியாரும் இல்லை. 26 வருஷம் ஊராட்சிகளில் செயலராக உட்கார்ந்து தீர்மான நோட்டு எழுதியவன். அந்த நோட்டுக்குப் பக்கத்திலிருந்துதான் எனக்குப் பதில் சொல்ல வரும்.

ராமநாதபுரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: ஐயா, நேராகவே கேட்கிறேன். இந்த மக்களாட்சியைச் சாதாரண ஆட்களால் திருத்த முடியுமா, இல்லை இதெல்லாம் மனசை ஆற்றிக்கொள்ளும் பேச்சா?

முடியும்மா. ஆனால் எங்கே கை வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. யார் எந்தச் சீர்திருத்தத்தைச் சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கடைசிக் கையெழுத்து யார் போடுகிறார்? அதற்கு முன்னால் ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டிருக்கலாம், ஃபைல் கடைசியில் அந்த மேசையில் போய்த்தான் உட்காரும்.

ஐஸ்லாந்தில் 2008 இல் வங்கிகள் கவிழ்ந்தன. கோபத்தில் இருந்த மக்கள் புது அரசியல் சட்டமே எழுதிவிடுவோம் என்று கிளம்பினார்கள். அரசியல்வாதி அல்லாத 25 பேர் குழு, வரைவை இணையத்தில் போட்டு எல்லாரிடமும் கருத்துக் கேட்டது. 2012 அக்டோபரில் வாக்கெடுப்பும் நடந்தது, மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆதரித்தார்கள். அந்நாட்டில் அரசியல் சட்டத்தை மாற்ற, நடுவில் ஒரு தேர்தல் வைத்து நாடாளுமன்றம் இரண்டு முறை நிறைவேற்ற வேண்டும். ஒரு முறைகூட நிறைவேற்றவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2004 இல் பொதுமக்கள் 160 பேர் உட்கார்ந்து புதிய தேர்தல் முறையை வகுத்தார்கள். அடுத்த வருஷம் வாக்கெடுப்பில் 57 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது. அரசு முன்பே 60 என்று கோடு போட்டிருந்தது. அவ்வளவுதான், முடிந்தது.

அயர்லாந்தில் மட்டும் ஏன் நடந்தது? அங்கே அரசியல் சட்டத்தில் கை வைத்தாலே மக்கள் வாக்கெடுப்பு கட்டாயம். கடைசிக் கையெழுத்து மக்களுடையது. கருக்கலைப்புத் தடை பற்றி 99 குடிமக்கள் கொண்ட மன்றம் பேசி முடித்த பிறகு, 2018 மே மாதத்தில் 66 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டு அந்தத் தடையை நீக்கினார்கள்.

நம் நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 1996 இல் ராஜஸ்தானின் பியாவர் நகரத்தில் கூலி வேலைக்காரர்கள் 40 நாள் தர்ணா இருந்தார்கள். புது அரசியல் சட்டம் ஒன்றும் கேட்கவில்லை. மஸ்டர் ரோலின், அதாவது வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பதிவேட்டின் நகலும் பில் நகலும் கொடு என்றார்கள். அந்த நகல்தான் பெருகிப் பெருகி 2005 இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்து நின்றது. ஆட்சியை மாற்றுகிறேன் என்று போனவர்களைவிட, பேப்பரைக் காட்டு என்று போனவர்கள் அதிக தூரம் போயிருக்கிறார்கள். இது என் வாதம்.

பாம்பனிலிருந்து நாட்டுப்படகுத் தொழில் செய்பவர்: அண்ணே, கிராம சபையில தீர்மானம் போட்டோம். ஒண்ணும் நடக்கல. தீர்மானத்துக்கு மதிப்பு இருக்கா இல்லையா?

தம்பி, தீர்மானத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஊராட்சியின் சொந்த வேலை பற்றியது ஒன்று: வரவு செலவு, பயனாளிப் பட்டியல், தணிக்கை அறிக்கை, வேலைத் திட்டம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 இதையெல்லாம் கிராம சபை முன்னால் வைக்கச் சொல்கிறது. இங்கே உங்கள் சொல்லுக்குப் பல் உண்டு. இன்னொன்று, கடலில் இது வரக்கூடாது, கரையில் அது கட்டக்கூடாது என்கிற தீர்மானம். அது மேலே போகும்போது வெறும் வேண்டுகோள்தான்.

நியம்கிரி மட்டும் எப்படி என்று கேட்பீர்கள். ஒடிசாவில் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று 2013 இல் 12 கிராம சபைகளும் சொல்லின, சுரங்கம் நின்றது. அந்தச் சபைகளைக் கேட்டுத்தான் முடிவு எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதற்குக் கீழே வன உரிமைச் சட்டம் 2006 இருந்தது. காட்டுக்காரனுக்கு இருக்கிற அந்தச் சட்டம் மாதிரி கடல்காரனுக்கு ஒன்று இல்லை. நமக்கு இருப்பது, பெரிய திட்டம் வருமுன் 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டம். 30 நாள் முன்னால் அறிவிப்புத் தர வேண்டும், சொன்னதெல்லாம் பதிவாக வேண்டும். அதில் போய்க் கத்திவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள். கோர்ட்டில் உங்கள் கத்தல் வராது, முத்திரைதான் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். கரையிலேயே எல்லாருடைய குரலும் ஒரே உயரத்தில் கேட்பதில்லை. விசைப்படகு மூன்று கடல் மைலுக்குள் இழுக்கக்கூடாது என்பது 1983 ஆம் வருஷத்துச் சட்டம். உங்கள் வலை அறுந்த கதைகள் எனக்குத் தெரியும். விசைப்படகுச் சங்கம் அமைச்சரைப் பார்க்கச் சென்னைக்குப் போகிறது, நீங்கள் டீக்கடை வரை போகிறீர்கள். பாசி எடுக்கிற பெண்களோ அந்த டீக்கடைக்கும் வருவதில்லை. பிரதிநிதி கெட்டவராகவே இருக்க வேண்டாம், வாசலுக்கு வந்தவன் குரல்தான் அவர் காதில் விழும்.

தேவிபட்டினம் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்: கிராம சபையே ஒரு சடங்கு. கையெழுத்து வாங்கி முடித்துவிடுகிறார்கள். நீங்களும் அப்படிச் செய்தவர்தானே?

செய்தவன்தான் சார். மறைக்க என்ன இருக்கிறது. ஜனத்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கோரம், கூட்டம் செல்லும். கடலுக்குப் போகிற ஊரில் காலை பதினோரு மணிக்கு 200 பேரை எங்கே பிடிப்பது? வருகை நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வலை பின்னுகிற இடம், ரேஷன் கடை என்று சுற்றியிருக்கிறேன். தீர்மானத்தை முந்தின நாள் ராத்திரியே எழுதி, கடைசி வரியில் "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்றும் போட்டுவிடுவேன்.

ஒரு மே தினக் கூட்டம். கீழத்தெருவுக்குக் குழாய் போட்ட வேலை முடிந்தது என்று வாசித்தேன். தள்ளுவண்டியில் எட்டுக் குடத்தை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்த ஒரு கிழவி, "தம்பி, நான் கையத் தூக்கவே இல்லையே, என்னைக் கேக்காம ஏகமனதுன்னு எப்படி எழுதுன?" என்றாள். நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அந்த வார்த்தையை அடித்துவிட்டு, "கீழத்தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என ஆட்சேபம் தெரிவிக்கப்பட்டது" என்று எழுதினேன். அடுத்த தணிக்கையில் வந்தவர் அந்த ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்டார். ஒப்பந்தக்காரருக்குத் தர வேண்டிய மீதிப் பணம் நின்றது. தண்ணீர் வர இன்னும் எட்டு மாதம் ஆனது, அது வேறு கதை. ஆனால் வந்தது.

முன்னெல்லாம் வருஷத்துக்கு நாலு கூட்டம்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022 இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள். சடங்குதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆட்சேபத்தை எழுதியே தீர வேண்டிய சடங்கு வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

துபாயிலிருந்து கீழக்கரைக்காரர்: காக்கா, எங்களுக்குக் கிராம சபையே கிடையாது, நகராட்சி. வெளிநாட்டில் வேறு இருக்கிறோம். நாங்கள் என்ன செய்ய?

நகராட்சிகளுக்கு வார்டு கமிட்டி, பகுதி சபை என்று 2022 இல் விதி வந்திருக்கிறது. உங்கள் வார்டில் கூட்டினார்களா என்று லாத்தாவையோ தம்பியையோ கேட்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு இந்தியர் 6ஏ படிவத்தில் பெயர் சேர்க்கலாம், ஆனால் ஓட்டுப் போட நேரில் வந்தாக வேண்டும். பெருநாளுக்கு வருகிற டிக்கெட்டைத் தேர்தலுக்குத் தள்ளி வைப்பீர்களா என்ன!

தொண்டியிலிருந்து ஒருவர்: நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தால் எல்லாரும் தோற்றதாகுமா? திரும்ப அழைக்கும் உரிமை வருமா?

ஆகாது. 2013 இல் உச்ச நீதிமன்றம் சொல்லி வந்தது நோட்டா, நிற்பவர் யாருக்கும் என் ஓட்டு இல்லை என்கிற பட்டன். சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் அது முதலிடம் வந்தாலும் அடுத்து நிற்கிற ஆள் ஜெயித்தவர்தான். மகாராஷ்டிராவிலும் ஹரியானாவிலும் மாநிலத் தேர்தல் ஆணையங்கள் 2018 இல் உள்ளாட்சிக்கு மட்டும் மறுதேர்தல் என்று மாற்றின. ஜெயித்தவரைப் பதவிக்காலம் முடியுமுன் திரும்ப அழைப்பது சில மாநிலங்களில் உள்ளாட்சி அளவில் இருக்கிறது. எம்.எல்.ஏ.வுக்கு இல்லை. வந்தாலும் எனக்குப் பெரிய ஆசை இல்லை. போன தேர்தலில் தோற்றவர்தான் முதல் ஆளாகக் கையெழுத்து வாங்கக் கிளம்புவார்.

அதே மாணவி மறுபடியும்: ஐயா, எம்.எல்.ஏ. ஏன் ஊர்ப் பக்கம் நின்று ஓட்டுப் போடுவதில்லை?

போட்டால் பதவி போகலாம். 1985 இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. நோக்கம் நல்லது, ராத்திரிக்கு ராத்திரி கட்சி மாறுவதை நிறுத்துவது. ஆனால் இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி போடுகிற கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலே, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால், தகுதி இழப்பு. நம் மாவட்டத்தின் நாலு தொகுதி எம்.எல்.ஏ.க்களும் மீனவருக்காகச் சட்டமன்றத்தில் வாய் கிழியப் பேசலாம். ஓட்டு என்று வரும்போது கை கட்சியினுடையது. ஆட்சி கவிழ்கிற ஓட்டுக்கு மட்டும் கொறடாவை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. இதற்கும் கடைசிக் கையெழுத்து நாடாளுமன்றத்திடம், அதில் இருப்பவர்கள் எல்லாம் கட்சிக்காரர்கள். நடக்கும் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

ஏர்வாடியிலிருந்து ஒருவர்: சோழர் காலத்துக் குடவோலை முறையைக் கொண்டுவந்தால் போதாதா?

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் அதைப் பாதிதான் வாசிக்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலம், கிபி 920 ஐ ஒட்டி. 35 வயதுக்குக் குறையக்கூடாது, வரி கட்டுகிற நிலம் கால் வேலி அளவுக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பிராமணர் ஊரின் சபை அது. நீங்களும் நானும் குடத்துக்கு வெளியே. ஆனால் ஒரு விதி எனக்குப் பிடிக்கும்: வாரியம் என்கிற நிர்வாகக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மட்டுமில்லை, அவனுடைய உறவுக்காரர்களும் மறுபடி நிற்க முடியாது. இதை இன்றைக்குக் கொண்டுவந்தால் நம் பக்கம் நிற்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

கடலாடி ஒன்றியத்திலிருந்து ஒருவர்: ஊர் கூடி ஒரே ஆளைத் தலைவராக்கிவிட்டால் செலவும் இல்லை, சண்டையும் இல்லை. அதில் என்ன தப்பு?

கூடிய ஊரில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள்? பெண்கள்? காலனி ஆட்கள்? ஒருமனது என்ற பெயரில் பதவி ஏலம் போகிறது. கோயிலுக்கு இவ்வளவு தருகிறேன் என்றவர் தலைவர். அது குற்றம் என்று தேர்தல் ஆணையம் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கிறது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் நமக்குத் தூரமில்லை. தலைவர் பதவி தலித்துகளுக்கு என்று தனி ஊராட்சி ஆனதும் 1996 இலிருந்து பத்து வருஷம் அங்கே தேர்தலே ஒழுங்காக நடக்கவிடாமல் செய்ததும் "ஊர் முடிவு"தான். 2006 இல்தான் நடந்தது. சண்டை இல்லாத ஊரைவிட, சண்டை நோட்டில் ஏறுகிற ஊர் எனக்குத் தேவலை.

செலவு மிச்சம் என்பவர்களுக்கு ஒன்று: 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை நம் ஊராட்சிகளில் தேர்தலே இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான். ஐந்து வருஷம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. 2025 ஜனவரியில் மறுபடி பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். செலவு நன்றாகத்தான் மிச்சமானது.

சாயல்குடி பக்கத்திலிருந்து முன்னாள் பெண் வார்டு உறுப்பினர்: அண்ணே, பாதி இடம் பெண்களுக்கு. நாற்காலியில் மட்டும் வீட்டுக்காரர்.

தெரியும் தங்கச்சி. நீங்கள் நேரில் வாசிக்காத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், "நோட்டு வீட்டுக்கு வரக்கூடாது" என்று செயலரிடம் சொல்லிவிடுங்கள். என்னை இரண்டு பெண்கள்தான் அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பேரையும் பார்த்தால் இன்றைக்கும் எழுந்து நிற்பேன்.

சின்னப்பாலம் பக்கத்தில் பாசி எடுக்கும் பெண், மகளை வைத்து எழுதியது: ஐயா, எங்க தெரு விளக்குக்குப் பணம் வந்துச்சுன்னு சொல்றாங்க. யாரைக் கேக்குறது, எப்படி எழுதுறது?

அம்மா, வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். மேலே "பொதுத் தகவல் அலுவலர், ஊராட்சி ஒன்றிய அலுவலகம்" என்று போடுங்கள். ஏன் விளக்கு எரியவில்லை என்று கேட்காதீர்கள், "ஏன்" என்பதற்குப் பதில் வராது. இப்படிக் கேளுங்கள்: இந்த வருஷம் எங்கள் தெருவுக்குத் தெருவிளக்கு வாங்கிய பில்லின் நகல், வேலை அளவீட்டுப் புத்தகப் பக்கத்தின் நகல், அதற்கான தீர்மானத்தின் நகல். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, விரைவுத் தபாலில் அனுப்பி ரசீது வாங்குங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் என்றால் அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். 30 நாளில் பதில் வராவிட்டால் அதற்கடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு, அதற்குக் கட்டணமில்லை.

தபால் ரசீதை மட்டும் பாசி மூட்டையோடு ஈரத்தில் வைத்துவிடாதீர்கள். மகளிடம் கொடுத்து ரேஷன் கார்டு உறைக்குள் வைக்கச் சொல்லுங்கள். பதில் வந்ததும் எனக்குப் படித்துக் காட்டட்டும், பில்லில் எத்தனை விளக்கு, கம்பத்தில் எத்தனை விளக்கு என்று சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்.