கேளுங்கள், சொல்கிறோம்: கார் ஷெட்டில் டிரம்ஸ்

கேள்வி: எங்கள் கார் ஷெட்டுக்கு 6 அங்குல சாலிட் பிளாக் சுவர், மேலே கான்கிரீட் தளம், முன்னால் ரோலிங் ஷட்டர். மகனும் நண்பர்களும் அங்கே டிரம்ஸ், பேஸ் கிடார், கீபோர்டு பழகுகிறார்கள். சுவர் முழுக்க ஃபோம் ஒட்டிவிட்டோம். அடுத்த வீட்டுக்காரர் இன்னும் வந்து சண்டை பிடிக்கிறார். என்ன செய்வது?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். சத்தம் வெளியே போகாமலிருக்க கனமும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். பூசிய 6 அங்குல சாலிட் பிளாக் சுவர் சுமார் 45 டெசிபல் வரை குறைக்கும். அதில் இப்போது பணம் போடாதீர்கள். சத்தம் போவது ஷட்டர் வழியாக. மெல்லிய தகடு, பட்டைகளுக்கு நடுவே இடுக்கு, மேலே சுருளும் இடத்தில் பெரிய திறப்பு.

வண்டியை வெளியே நிறுத்த முடியுமென்றால் ஷட்டருக்கு 4 அங்குலம் உள்ளே தள்ளி அதே சாலிட் பிளாக்கில் ஒரு சுவர் எழுப்பி, உள்பக்கம் பூசுங்கள். இதைவிடச் சிறந்த வழி இல்லை. வாடகை வீடென்றால் ஷட்டரில் படாமல் இரும்பு ஸ்டட் சட்டம் நிறுத்தி, நடுவில் 50 மி.மீ. ராக்வூல் எனும் பாறை இழைப் பஞ்சு (அடர்த்தி கன மீட்டருக்கு 48 கிலோ) வைத்து, இருபக்கமும் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு இரண்டிரண்டு அடுக்கு மாட்டுங்கள். முதல் அடுக்கின் இணைப்பு மேல் இரண்டாம் அடுக்கின் இணைப்பு வரக்கூடாது. போர்டின் ஓரங்களைத் தரையிலும் தளத்திலும் இடிக்க விடாமல் 5 மி.மீ. விட்டு அகூஸ்டிக் சீலண்ட் (ஒலி கசியாமல் இடுக்கை அடைக்கும் பசை) நிரப்புங்கள். சுவிட்ச் பெட்டிக்காகப் போர்டை வெட்டாதீர்கள். ஒயரிங் போர்டின் மேற்பரப்பிலேயே போகட்டும்.

இந்தப் புதுத் தடுப்பில் வைக்கும் கதவு 35 மி.மீ. சாலிட் ஃப்ளஷ் டோராக (உள்ளே வெற்றிடமில்லாத தட்டையான மரக்கதவு) இருக்கட்டும். நிலையைச் சுற்றி ரப்பர் கேஸ்கெட், அடியில் டிராப் சீல் (கதவை மூடும்போது இறங்கி இடுக்கை அடைக்கும் பட்டை). வேலை முடிந்ததும் இரவில் உள்ளே விளக்கைப் போட்டு வெளியே நின்று பாருங்கள். வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் சத்தமும் கசியும்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். பழைய சுவரில் அரை அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து அதன்மேல் போர்டு மாட்டலாம் என்பார் காண்ட்ராக்டர். அந்தச் சின்ன காற்றிடைவெளி பேஸ் எனும் தாழ்ந்த சுருதி ஒலிக்குச் சேர்ந்து அதிரும், முன்பைவிட மோசமாகும்.

காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மின் அடி தரை வழியாக மாடிக்கு ஏறும். டிரம்ஸுக்கு அடியில் 10 மி.மீ. ரப்பர் ஷீட், அதன்மேல் 18 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு. இந்த மேடை சுவரைத் தொடக்கூடாது. பேஸ் கிடாரின் ஆம்ப்பும் (ஒலிபெருக்கி) இதேபோல் ரப்பர்மேல் நிற்கட்டும்.

இத்தனை செய்தும் பேஸ் கொஞ்சம் கேட்கத்தான் செய்யும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. டிரம்ஸ் பக்கத்தில் 100 டெசிபலைத் தாண்டும். ஆகவே இரவு 10 மணிக்கு முன்பே பயிற்சியை முடித்துவிடுங்கள்.

கேள்வி: இப்படிப் பயிற்சி அறையில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் மூச்சு முட்டாதா? ஸ்பிளிட் ஏசி போதுமா?
– வாசகர், பானஸ்வாடி, பெங்களூரு

பதில்: போதாது. ஸ்பிளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையே குளிர்விக்கிறது. உள்ளே வர ஒன்று, வெளியேற ஒன்று என இரண்டு இன்லைன் ஃபேன் (காற்றுக் குழாயின் நடுவே பொருத்தும் விசிறி) வையுங்கள். ஒவ்வொரு குழாயும் ராக்வூல் பதித்த மரப்பெட்டிக்குள் இரண்டு முறையாவது வளைந்து போகவேண்டும். நேர்க்குழாய் வைத்தால் அடைத்த சத்தமெல்லாம் அதன் வழியே போய்விடும். அடைத்த அறைக்குள் பைக்கையோ காரையோ ஸ்டார்ட் செய்யவே கூடாது. கார்பன் மோனாக்சைடு உயிரை வாங்கும். ஒட்டிய ஃபோம் சாதாரண மெத்தை ஃபோம் என்றால் பிய்த்தெடுத்துவிடுங்கள். ஆம்ப் ஒயரில் ஒரு பொறி பட்டாலும் நச்சுப்புகையோடு நொடியில் பரவும். எதிரொலிக்கு, துணி போர்த்திய ராக்வூல் பலகைகள் போதும்.