திருப்பியது பொய்த் தந்தி அல்ல

கேள்வி: முதல் உலகப் போரில் ஆப்பிரிக்காவுக்குப் பறந்த ஜெர்மன் ஆகாயக் கப்பலை பிரிட்டிஷார் பொய்த் தந்தி கொடுத்துத் திருப்பிவிட்டார்களாமே? போய்ச் சேர்ந்திருந்தால் கிழக்கு ஆப்பிரிக்கப் போரின் போக்கே மாறியிருக்கும், இல்லையா?

பதில்: இரண்டுமே தவறு. எல் 59 என்ற அந்த செப்பலினை (ஹைட்ரஜன் வாயுவால் மிதக்கும் ஆகாயக் கப்பல்) திரும்பி வரச் சொன்னது ஜெர்மன் கடற்படைத் தலைமையேதான்.

1917 நவம்பர் 21 அன்று பல்கேரியாவின் யாம்போல் நகரிலிருந்து 22 பேரோடும் சுமார் 15 டன் மருந்து, தோட்டா முதலியவற்றோடும் அது கிளம்பியது. கிழக்கு ஆப்பிரிக்கக் காட்டில் போராடிக்கொண்டிருந்த ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்குக்கான சரக்கு அது. அங்கே நிரப்ப ஹைட்ரஜன் கிடையாது என்பதால் கப்பல் திரும்பி வரும் உத்தேசமே இல்லை. போன இடத்திலேயே பிரித்துவிடுவதாகத் திட்டம்: மேலுறைத் துணியில் கூடாரம், சட்டங்களில் தந்திக் கம்பம், உள்ளே நடைபாதையில் பதித்த தோலில் பூட்ஸ்.

பாலைவனத்தின் பகல் வெயிலில் வாயு விரிந்து வெளியேறியது. இரவுக் குளிரில் கப்பல் கனத்துக் கீழே இறங்க, பாரத்தை வீசியெறிந்துதான் தப்பினார்கள். ஒரு எஞ்சின் பழுதானதில் தந்தி அனுப்பும் வசதி போய், வருவதைக் கேட்க மட்டுமே முடிந்தது. 23ஆம் தேதி சூடானின் கார்ட்டூமுக்கு மேற்கே பறந்தபோது, திரும்பி வரும்படி உத்தரவு வந்தது. இறங்கவேண்டிய பகுதி ஜெர்மானியர் கையை விட்டுப் போயிருந்தது, அதுதான் காரணம். உளவாளி சாமர்த்தியம் சேர்ந்தால் கதை ருசிக்கிறது, அதனால் பொய்த் தந்தி ஒட்டிக்கொண்டுவிட்டது.

95 மணி நேரம் தரையிறங்காமல் சுமார் 6,800 கி.மீ. பறந்து 25ஆம் தேதி யாம்போலுக்கே திரும்பினார்கள். பறத்தல் என்ற அளவில் அது பெரிய சாதனைதான். 1918 மார்ச்சில் அதே கப்பல் இத்தாலியின் நேப்பிள்ஸ் மீது குண்டு போட்டது. ஏப்ரல் 7 அன்று மால்டாவைத் தாக்கப் போகும் வழியில் இத்தாலிக்கும் அல்பேனியாவுக்கும் இடையிலுள்ள ஒட்ராண்டோ ஜலசந்திக்கு மேல் தீப்பிடித்து விழுந்தது. கப்பல் தலைவர் போக்ஹோல்ட் உட்பட ஒருவரும் பிழைக்கவில்லை.

சரி, போரின் போக்குக்கு வருவோம். கப்பல் திரும்பி இறங்கிய அதே நவம்பர் 25 அன்று லெட்டோ-ஃபோர்பெக், போர்ச்சுகீசியர் வசமிருந்த மொசாம்பிக்கின் எல்லையான ரொவூமா ஆற்றைக் கடந்து, போர்ச்சுகீசியரின் முகாமை அடித்துத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் அள்ளிக்கொண்டார். அப்புறம் ஒரு வருஷம் சண்டை நீண்டது. 15 டன் வந்திருந்தால் வெற்றியா கிடைத்திருக்கும்? இன்னும் கொஞ்ச நாள் இழுத்திருக்கும், அவ்வளவுதான். அந்த இழுப்புக்கு விலை கொடுத்தவர்கள், இரண்டு படைகளுக்கும் மூட்டை சுமந்த ஆப்பிரிக்கர்கள். பிரிட்டிஷ் தரப்புச் சுமைதூக்கிகளில் மட்டும் 90,000 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் குண்டடி பட்டு அல்ல. காய்ச்சலிலும் வயிற்றுக்கடுப்பிலும், அரைவயிற்றுச் சோற்றிலும்.