மழலை: குழந்தையா, அதன் பேச்சா?

கேள்வி: ‘மழலையர் பள்ளி’ என்று எழுதுகிறோம், ‘குழந்தை மழலை பேசுகிறது’ என்றும் சொல்கிறோம். மழலை என்பது குழந்தையா, பேச்சா? ‘மழை’யிலிருந்து பிறந்த சொல் என்று ஒருவர் விளக்கினார். சரியா?

பதில்: மழையோடு இதற்கு உறவில்லை. வேர் ‘மழ’. ‘மழவும் குழவும் இளமைப் பொருள’ என்று தொல்காப்பிய உரியியல் நான்கே சொல்லில் முடித்துவிடுகிறது. இளமை ஒரு பண்பு. அது எதனோடும் சேரும். இளம் ஆண்யானை மழகளிறு, இளங்காளை மழவிடை. இணையான ‘குழ’விலிருந்து வந்தவைதாம் குழவியும் குழந்தையும்.

66ஆம் குறளில் ‘மக்கள் மழலைச்சொல்’ என்று வருகிறது. மழலை என்று மட்டும் நிறுத்தாமல் ‘சொல்’ என்பதையும் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். இளமை மாறாத, இன்னும் திருந்தாத சொல் என்பது பொருள். பரிமேலழகர் இதற்குக் ‘குதலைச் சொற்கள்’ என்று உரை எழுதினார். சொல்லை விட்டுவிட்டு மழலை என்றாலே பேச்சைக் குறிக்கும். அங்கிருந்து பேசும் குழந்தைக்கும் அப்பெயர் ஆகிவரும். ஆகவே இரண்டு வழக்கும் சரிதான். ஆனால் பேச்சுக்கு ஆளும்போதுதான் சொல்லின் முழு அழகும் தெரிகிறது.

அந்தத் திருந்தாமைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அடிநாக்கு எழும்பிப் பிறக்கும் ககரத்தைவிட நுனிநாக்கில் பிறக்கும் தகரம் பல குழந்தைகளுக்கு எளிது. அதனால் ‘காக்கா’ ‘தாத்தா’ ஆகிவிடும். நாக்கை வளைக்க வேண்டிய ழகரம் இன்னும் தாமதம். அதுவரை ‘பழம்’ ‘பலம்’தான்.

எழுதும்போது: மழலைச்சொல், மழலைப்பேச்சு என்று ஒற்று மிகும். மழலையர் பள்ளியில் மிகாது. ‘மளலை’ பிழை. குழவியைக் ‘குளவி’ என்று எழுதினால் கொட்டும் பூச்சியாகிவிடும்.

கேள்வி: ‘பிள்ளை’யும் அவ்வளவு பழைய சொல்லா?

பதில்: பழைய சொல்தான், ஆனால் மனிதருக்கு உரியதாக இருக்கவில்லை. தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என 9 இளமைப் பெயர்களைத் தருகிறது. அவற்றுள் மக்களுக்கு உரியவை குழவி, மகவு இரண்டு மட்டுமே. பிள்ளையோ ‘பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்று இளமை’ என்று பறவைகளுக்குப் போகிறது. மரஞ்செடிகளுக்கும் ஆகும் என்று வேறொரு நூற்பா இசைகிறது. கிளிப்பிள்ளை, தென்னம்பிள்ளை என்று நாம் இன்றும் சொல்வது அந்தப் பழைய மரபோடு அப்படியே பொருந்துகிறது. குழவியை யானைக்கன்றுக்கும் வழங்கியிருக்கிறார்கள்.