கல்லூரியில் குவித்த யார்டுகளை நம்பி ஒரு ரன்னிங் பேக்கை எடுக்கலாமா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஆயிரக்கணக்கில் யார்டு எடுக்கும் ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்; ஓடிக் கடந்த தூரம்தான் யார்டுக் கணக்கு), தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லிலும் தேறுவாரா என்பதை எப்படிக் கணிப்பது?

யார்டுக் கணக்கை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். அதில் பாதி அவருடையது இல்லை, அவருக்கு முன்னால் நின்று வழி திறந்துவிடும் ஐந்து தடியர்களுடையது, அதாவது லைனுடையது. பெரிய கல்லூரிகளில் அந்த ஐவர் எதிரணியைவிட ஒரு தரம் மேலே இருப்பார்கள். மட்டமான பந்துவீச்சை அடித்து ரஞ்சியில் முச்சதம் போடுகிறவரை உடனே டெஸ்ட் அணியில் சேர்க்கத் தயங்குகிறோமே, அதே தயக்கம் இங்கேயும் வேண்டும்.

நான் எப்போதும் எடுத்துப் பார்ப்பது டிரெண்ட் ரிச்சர்ட்சன் கதை. 2011இல் அலபாமா பல்கலைக்கழக அணிக்காக 1,679 யார்டு, ஓடி எடுத்த டச் டவுன் (பந்தோடு எதிரணி எல்லையைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) 21. சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாக்கெடுப்பில் மூன்றாவது. என்.எஃப்.எல். அணியான கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ், கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2012இல் நான்காம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு, ஒரே ஒரு படி ஏற, கூடுதலாக மூன்று தேர்வுகளைக் கொடுத்து அவரை எடுத்தது. அந்த அணியின் பழைய ஜாம்பவான் ஜிம் பிரவுன் மட்டும், இவர் சாதாரண ஆட்டக்காரர்தான் என்று அப்போதே சொன்னார். பெரியவருக்குப் பொறாமை என்று பலர் சிரித்தார்கள்.

முதல் வருடம் ரிச்சர்ட்சன் 950 யார்டு எடுத்தார். ஓர் ஓட்டத்துக்குச் சராசரி 3.6 யார்டுதான். முழங்கால் அறுவை, விலா எலும்புக் காயம் என்று அவர் பக்கமும் நியாயம் இருந்தது. 2013 செப்டம்பரில் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் ஒரு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்து அவரை வாங்கியது. அங்கே சராசரி 2.9. 'லைன் சரியில்லை' என்று சொல்லவும் வழியில்லை. அதே வருடம், அதே அணியில், அதே லைனுக்குப் பின்னால் ஓடிய டொனால்ட் பிரவுனின் சராசரி 5.3.

வலு, வேகம், உடம்பு எதிலும் ரிச்சர்ட்சனுக்குக் குறை கிடையாது. சந்து எங்கே திறக்கப் போகிறது என்பதை அரை நொடி முன்னால் பார்க்கும் கண்தான் இல்லை. அலபாமாவில் அந்தக் குறை தெரியவில்லை, ஏனென்றால் அங்கே சந்து ஒரு லாரி போகிற அளவுக்குத் திறந்தது. அந்த லைனில் இருந்த சான்ஸ் வார்மேக், டி.ஜே. ஃப்ளூக்கர் இருவரும் 2013 டிராஃப்டில் 10, 11ஆம் இடங்களில் போனார்கள். பக்கத்துப் பக்கத்து இடம்! அவர்களுக்குப் பின்னால் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு ஓடியவரின் விலையை ஏற்றிவிட்டார்கள்.

அதனால் நான் வீடியோவில் தேடுவது நீண்ட ஓட்டங்களை இல்லை. 60 யார்டு ஓடித் தொட்ட டச் டவுன்தான் யூடியூபில் கிடைக்கும், அதைப் பார்த்து ஒன்றும் தெரியாது. திட்டமிட்ட வழி அடைபட்டுப் போன ஆட்டங்களைப் பார்க்க வேண்டும். அப்போது முதல் இரண்டு அடியில் என்ன செய்கிறார்? தலையைக் குனிந்து தன் லைன்மேன் முதுகிலேயே போய் மோதுகிறாரா, ஒரு நொடி பொறுத்து வேறு சந்துக்கு மாறுகிறாரா? யாராவது மேலே கை வைத்த பிறகு எத்தனை யார்டு எடுக்கிறார்? இந்தக் கடைசிக் கணக்கை இப்போது தனியாகவே எடுக்கிறார்கள், எனக்குப் பிடித்த புள்ளிவிவரம் அதுதான்.

டிராஃப்டுக்கு முன் வீரர்களைச் சோதிக்கும் கம்பைன் முகாமில் 40 யார்டு ஓட்ட நேரத்துக்கு நடக்கிற ஆர்ப்பாட்டம் எனக்குப் புரிவதே இல்லை. 2014இல் டிரி ஆர்ச்சர் 4.26 நொடியில் ஓடினார், மூன்றாம் சுற்றில் பிட்ஸ்பர்க் எடுத்தது, ஒன்றும் நடக்கவில்லை. டொலிடோ என்ற சின்னக் கல்லூரியிலிருந்து வந்த கரீம் ஹன்ட் 4.62 எடுத்தார். அவரும் மூன்றாம் சுற்றுதான். ஆனால் 2017இல் முதல் வருடத்திலேயே 1,327 யார்டோடு லீகில் முதலிடம்.

அப்புறம் பந்து கையில் இல்லாதபோது செய்யும் வேலை. கல்லூரியில் நட்சத்திர ரன்னிங் பேக்கை யாரும் பெரிதாகத் தடுப்பு வேலைக்கு விடுவதில்லை. என்.எஃப்.எல்.லில் மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது) எதிரணித் தடுப்பாட்டக்காரரான லைன்பேக்கர் பிளிட்ஸ் அடித்து, அதாவது பந்தை எறியும் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வரும்போது அவரைத் தடுக்கத் தெரியாவிட்டால் குவாட்டர்பேக்குக்கு அடிபடும். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் அவர், எந்தப் பயிற்சியாளரும் அந்த ஆபத்தை எடுக்க மாட்டார். பல இளம் வீரர்கள் பெஞ்சில் உட்காருவது ஓடத் தெரியாததால் அல்ல, இதனால்தான். பாஸ் பிடிப்பதும் அப்படித்தான். ஆல்வின் கமாரா டென்னசி கல்லூரியில் இரண்டு வருடத்தில் சேர்த்து ஓடியதே 210 முறை. யார்டுக் கணக்கைப் பார்த்தால் யாரும் திரும்பியே பார்த்திருக்க மாட்டார்கள். 2017இல் நியூ ஆர்லியன்ஸ் 67ஆவது ஆளாக எடுத்தது, முதல் வருடமே 81 பாஸ் பிடித்தார்.

நிறைய ஓடித் தேய்ந்துவிட்டார் என்ற வாதத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. டெரிக் ஹென்றியும் அலபாமாதான். 2015இல் 395 முறை ஓடி 2,219 யார்டு, ஹைஸ்மன் கோப்பை. உயரம் ஆறடி மூன்றங்குலம், நிமிர்ந்து ஓடுகிறார், ஏற்கெனவே உழைத்துக் களைத்தவர் என்றெல்லாம் சொல்லி 45ஆவது இடம் வரை விட்டார்கள். அவர் 2020இல் 2,027 யார்டு எடுத்தார். 2024இல், 30 வயதில், பால்டிமோருக்கு 1,921. முழங்கால் காயத்தை மட்டும் அப்படி ஒதுக்கிவிட முடியாது. சவுத் கரோலினாவின் மார்கஸ் லாட்டிமோர் அருமையான ஆட்டக்காரர், என்.எஃப்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆட முடியவில்லை.

எந்த அணி எடுக்கிறது என்பது பாதி விஷயம். ரிச்சர்ட்சன் எடுக்கப்பட்ட அதே 2012இல், ஆறாம் சுற்றில் 173ஆவதாகப் போன ஆல்ஃப்ரெட் மாரிஸ் முதல் வருடம் 1,613 யார்டு எடுத்தார். அவரது பயிற்சியாளர் மைக் ஷானஹனின் ஓட்டத் திட்டம் அவருக்கென்றே தைத்த மாதிரி இருந்தது. வேறு அணிக்குப் போயிருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

சமீபத்திய உதாரணம் வேண்டுமானால் பாய்சி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி. 2024இல் 2,601 யார்டு. பேரி சாண்டர்ஸ் 1988இல் வைத்த 2,628 என்ற சாதனைக்கு 27 குறைவு. எதிரணிகள் பலவும் சுமார்தான், அதனால் மொத்தக் கணக்கை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஆரிகன் போன்ற பலமான அணிக்கு எதிராக 192 யார்டு எடுத்ததும், பெரும்பாலான யார்டுகள் மேலே கை விழுந்த பிறகு வந்தவை என்பதும்தான் என்னை நம்ப வைத்தன. சீசன் கடைசியில் நடந்த ஃபியஸ்டா பௌல் ஆட்டத்தில் பென் ஸ்டேட் அணி அவரை 30 ஓட்டத்தில் 104 யார்டுக்குள் அடக்கியது. அவரை எடை போட ஒரே ஒரு ஆட்டம்தான் பார்க்க நேரம் என்றால் அதைப் பாருங்கள். வழி அடைபட்ட ஓட்டங்கள்தான் அதில் நிறைய, ஆனாலும் முதல் அடியிலேயே விழுந்தவை குறைவு. லாஸ் வேகஸ் ரைடர்ஸ் 2025 டிராஃப்டில் அவரை ஆறாவதாக எடுத்தது. என்னைக் கேட்டால் ஆள் சரி. லைன் பலவீனமான ஓர் அணி, அந்த விலையில் முதலில் லைனுக்கு ஆள் எடுத்திருக்க வேண்டும்.