அக்காவின் 25 மூட்டையை முதலில் விற்றுவிடுங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம், வயது 41. சம்பாவில் விளைந்த ஆந்திரா பொன்னி நெல் 160 மூட்டை (62 கிலோ மூட்டை) வீட்டுக் கூடத்தில் அடுக்கி வைத்திருக்கிறேன். மாசியில் வியாபாரி மூட்டை 1,700 ரூபாய்க்குக் கேட்டார். ஆடிக்குள் 2,000 போகும் என்று எல்லோரும் சொன்னதால் கொடுக்கவில்லை. இப்போது ஆனி, 1,620-க்குத்தான் கேட்கிறார்கள். விற்பதா, பொறுப்பதா? இதில் 25 மூட்டை அக்காவுடையது. அப்பா அவளுக்கு எழுதி வைத்த ஐந்து மா நிலத்தையும் நான்தான் சேர்த்துச் சாகுபடி செய்கிறேன். பையன் காலேஜ் பீஸுக்காக மாசியில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு 40,000 வாங்கியிருக்கிறாளாம், அடிக்கடி போன் செய்கிறாள். விலை ஏறட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, இந்த மாதிரிக் கடிதம் வருஷா வருஷம் வருகிறது. நெல், மஞ்சள், மிளகாய் என்று சரக்குதான் மாறும், கேள்வி ஒன்றுதான். அதனால் விலை விஷயத்தை அப்புறம் பேசுவோம். கடிதத்தின் கடைசியில் அக்காவைப் பற்றி மூன்று வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முதலில் வாருங்கள்.

அந்த 25 மூட்டை உங்களுடையது இல்லை. அதை மாசியில் விற்க வேண்டாம் என்று முடிவு செய்தது யார்? அக்காவை ஒரு வார்த்தை கேட்டதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. உங்கள் 135 மூட்டையை வைத்து நீங்கள் எவ்வளவு துணிந்தாலும் அது உங்கள் பாடு. வட்டிக்கு வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கிற ஒருத்தியின் நெல்லை அவளைக் கேட்காமலே அடுக்கில் போட்டுவிட்டு, அவள் போன் செய்தால் "விலை ஏறட்டும்" என்று சொல்வது என்ன நியாயம்? அவளுடைய பணத்தை அவளே உங்களிடம் கெஞ்சி வாங்குகிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். ஐந்து மாவைத் தனியாகக் குத்தகைக்கு விடாமல் தம்பியை நம்பி விட்டிருக்கிறாள், அதற்கு இதுவா பதில்?

கணக்காகவே பார்க்கலாம், வாருங்கள். 40,000-க்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 800, நாலு மாதத்தில் 3,200. 25 மூட்டைக்குப் பிரித்தால் மூட்டைக்கு 128 ரூபாய். அப்புறம் எடை. 17 சதவீத ஈரத்தில் அடுக்கிய நெல் காய்ந்து 13-க்கு வரும்போது நூறு கிலோ 95 கிலோ சொச்சமாகிவிடும். உங்கள் 62 கிலோ மூட்டை இன்று தராசில் 59 கிலோதான் காட்டும், சந்தேகமிருந்தால் ஒன்றை இறக்கி நிறுத்துப் பாருங்கள். இந்த இரண்டையும் சேர்த்தால், விலை 1,900-ஐத் தாண்டினால்தான் அக்காவுக்கு மாசியில் கிடைத்திருக்க வேண்டிய பணமே கைக்கு வரும். லாபம் என்பது அதற்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. எலியையும் வண்டையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. மூட்டையை நகர்த்தும்போது வைக்கோல் நிறத்தில் சின்னச் சின்ன அந்துப்பூச்சி எழும்பிப் பறக்கிறதா பாருங்கள், பறந்தால் உள்ளே நெல் பொக்காகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஆந்திரா பொன்னி மாதிரி சன்ன ரகத்தைப் பழசாக்கி விற்றால் மில்காரர் கூடக் கொடுப்பார் என்பது உண்மைதான், பழைய அரிசியில்தான் சாதம் பொலபொலவென்று வரும். ஆனால் அந்த லாபம் கடனில்லாமல் காத்திருக்க முடிந்தவனுக்கு. விலையோ உங்கள் ஊர் டீக்கடையில் முடிவாவது இல்லை. 2023 ஜூலை 20 அன்று டெல்லியில் பச்சரிசி ஏற்றுமதியை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள், அடுத்த மாதமே புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டார்கள், 2024 செப்டம்பர் அக்டோபரில் இரண்டையும் தளர்த்தினார்கள். போதாததற்கு ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் நெல் லாரி வந்துகொண்டே இருக்கிறது. ஆடியில் 2,000 என்று சொன்னவர்களில் ஒருவராவது தன் பணத்தைப் போட்டு உங்களிடம் அந்த விலைக்கு வாங்கத் தயாரா, கேட்டுப் பாருங்கள்.

சரி, செய்ய வேண்டியது. இந்த வாரமே 25 மூட்டையை இறக்கி விற்றுவிடுங்கள். அக்காவுக்கு 1,620 கணக்கில் கொடுக்கக் கூடாது. முடிவு உங்களுடையது, நஷ்டமும் உங்களுடையது, ஆகவே மாசி விலை 1,700 கணக்கில் 42,500, மேலே நாலு மாத வட்டி 3,200, ஆக 45,700. போனில் அனுப்பாமல் நேரில் போய் அவள் கையில் கொடுங்கள், பையனையும் பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த போகத்திலிருந்து களத்திலேயே அவள் மூட்டையைப் பிரித்து வைத்து, விற்கலாமா என்று அவளிடம் கேளுங்கள்.

மிச்சத்தில் வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் எடுத்து வைத்துவிட்டு, பாதியை இப்போதே கொடுத்துவிடுங்கள். 1,620 மோசமில்லை. 2025-26 பருவத்துக்கு அரசு கொள்முதல் விலை சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,545, உங்கள் மூட்டைக்கு 1,578 ஆகிறது, வியாபாரி அதற்கு மேலேதான் கேட்கிறார். மீதிப் பாதியைப் பொறுத்துப் பார்க்கத்தான் ஆசை என்றால் கூடத்தில் வைக்காதீர்கள். நன்றாகக் காயவைத்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக் கிடங்கில் போட்டு, அந்தச் சரக்கையே ஈடாக வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்குங்கள். சரக்கு மதிப்பில் 75 சதவீதம் வரை, அதிகபட்சம் 3 லட்சம், 5 சதவீத வட்டிக்கு 180 நாள் தருகிறார்கள். அடுத்த சாகுபடிச் செலவுக்கு அது போதும், உரக்கடையில் கடன் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கெடு ஒன்று வைத்துக்கொண்டு அதை வீட்டில் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். ஆவணி கடைசி என்று வைத்தால், அன்றைக்கு என்ன விலையோ அந்த விலைக்கு ஏற்றி அனுப்பிவிட வேண்டும், மறுபடி யாரிடமும் யோசனை கேட்கக் கூடாது, என்னிடமும்தான்.